கேட்டதைச் சொல்லக் கூடாது

1993 ஆகஸ்ட் 22, ஞாயிறு. பங்குச்சந்தைப் பயிற்சி வகுப்பில் சேர மதியம் ஒரு மணி வரைதான் நேரம். மைசூரு சரஸ்வதிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. நடு வரிசையில் செலுவம்பா உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தொன்று, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் கால் ஆபரேட்டர்.

பக்கத்தில் கணவர் நம்பி. நஞ்சன்கூட்டில் அவர் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த தொகை வங்கியில் இருந்தது. வகுப்புக் கட்டணம் இரண்டாயிரம். வகுப்பு முடிந்ததும் அந்தத் தொகை முழுவதையும் சந்தையில் போட்டு மாதச் சம்பளம் போல எடுக்கலாம் என்பது நம்பியின் கணக்கு.

மேடையில் பரத்வாஜ் என்ற ஆசிரியர் சாக்பீஸோடு நின்றார். பங்கு என்றால் என்ன, டிவிடெண்ட் எப்படி வருகிறது என்று தெளிவாகச் சொன்னார். அதுவரை அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்புறம் சொன்னார்: "மூணு வருஷமா நான் வேலைக்குப் போகலை. மார்க்கெட்தான் எனக்குச் சோறு போடுது."

அந்தக் குரல் செலுவம்பாவுக்குப் பழக்கம். ஒரு லாட்ஜிலிருந்து மெட்ராஸ் ஷேர் புரோக்கருக்குப் பத்து நாளாக ட்ரங்க் கால் புக் செய்யும் குரல். மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் லைனுக்குள் வந்து, நீட்டிக்கட்டுமா என்று கேட்க வேண்டும். அப்படி நுழைந்தபோது காதில் விழுந்தது: "இனி நஷ்டம் தாங்காது சார். இந்த பேட்ச் ஃபீஸ் வந்ததும் உங்க பாக்கியை அனுப்பிடறேன்."

லைனில் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டிலும்கூட. சொன்னால் வேலை போகும். இப்போது வீட்டில் வருவது அந்த ஒரு சம்பளம்தான்.

நம்பி எழுந்தார். "வரிசை பெரிசாயிண்டே போறது. கட்டிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்னா."

"ஏன்? நேத்து வரைக்கும் சரின்னுதானே சொன்னே?"

"இப்போ வேண்டாம்ங்கறேன்."

"ஆத்துல ஒருத்தி சம்பாதிச்சா போறும், நான் சும்மனே உக்காந்திருக்கணும். அதானே?"

பதிலுக்கு நிற்காமல் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். செலுவம்பா எழுந்து நின்றார். யாரும் கேட்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும் என்று யோசித்துக் கேட்டார்: "சார், போன வருஷம் மார்க்கெட்ல நீங்க சம்பாதிச்சது எவ்வளவு? இந்த மாதிரி கிளாஸ் எடுத்துச் சம்பாதிச்சது எவ்வளவு?"

"ஏனம்மா, இன்கம்டாக்ஸ் ஆபீஸா?" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுக்க, மண்டபம் சிரித்தது. பரத்வாஜும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அவருக்கும் இந்தக் குரல் பழக்கம்தான்.

"ரெண்டும் சேர்ந்து... நல்லாவே வருது."

"பிரிச்சுச் சொல்லுங்கோ."

"காபி பிரேக்!" என்றார் பரத்வாஜ்.

காபி டிரம் பக்கத்தில் அவரே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ட்ரங்க் எக்ஸ்சேஞ்ச்தானே நீங்க? லைன்ல கேட்டதை வெச்சு இங்க கேள்வி கேக்கறீங்க. ஒரு கம்ப்ளெயின்ட் எழுதினா உங்க வேலை போயிடும், தெரியுமில்ல?"

செலுவம்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எழுதுங்கோ சார். ஆனா லைன்ல நான் என்ன கேட்டேன்னும் அதுல எழுதணுமே?"

பரத்வாஜ் பணம் கட்டும் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். மேடைக்குப் போய்விட்டார்.

இதையெல்லாம் நம்பி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரே ஆள்தான் பாக்கி. செலுவம்பா பக்கத்தில் வந்ததும், "என்ன சொன்னார் அவர்?" என்றார்.

"சொல்ல முடியாது."

"முடியாதா, மாட்டியா?"

"முடியாதுன்னா."

ஆபீஸ் விஷயம் எதைக் கேட்டாலும் கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கிடைக்கும் பதில் இதுதான். நம்பி மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"சார், பேர் சொல்லுங்க," என்றார் மேஜையில் இருந்தவர்.

"நீங்க அடுத்தவரைக் கவனியுங்கோ," என்று நம்பி விலகினார். பின்னால் இருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு முன்னே போனார்கள்.

புதன்கிழமை எக்ஸ்சேஞ்சுக்குப் பரத்வாஜின் புகார் வந்தது. ஆபரேட்டர் மரியாதையில்லாமல் பேசுகிறார் என்று இருந்தது. ஒட்டுக்கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. வெள்ளிக்கிழமை செலுவம்பாவை ட்ரங்க் போர்டிலிருந்து எடுத்து, டெலிபோன் நம்பர் சொல்லும் விசாரணைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.