புள்ளி இரண்டு குறைவு

என் வீட்டுக்காரருக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் வேலை, ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், கல்யாணமான புதிதில் நானும் சிரித்தேன். வானிலை அலுவலகத்துக்குப் பின்னால், கம்பிவேலிக்குள் கொஞ்சம் புல்தரை. அதில் நாலு கால்கள் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. அதற்குள் காற்று போகும், வெயில் போகாது. உள்ளே தெர்மாமீட்டர்கள். இவர் நேரம் தவறாமல் போய், கண்ணைப் பாதரசத்துக்கு நேராக வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு படித்து, நோட்டில் எழுதுவார். பத்தொன்பது வருடமாக இதுதான். வீட்டில் பால் பொங்கி அடுப்பே அணைந்தாலும் கண்ணில் படாது. அங்கே ஒரு புள்ளி நகர்ந்தால் பட்டுவிடும்.

தெருவில் அவரை ‘டிகிரி’ என்பார்கள். அதில் மரியாதை ஒன்றும் இல்லை. வெயில் ஏறும்போது மட்டும் ஞாபகம் வரும் ஆள் என்று அர்த்தம்.

மூன்று வருடமாக வெயில் ஒரேயடியாக ஏறிப்போனதில், அலுவலகம் தினமும் அவர் எழுதும் எண்ணை இணையப் பக்கத்தில் போட ஆரம்பித்தது. பிடித்தது சனி. எண் வந்த அடுத்த நிமிடம் கீழே கூட்டம் கூடிவிடும். ஒருவன் பைக் சீட்டில் வைத்த போனைப் படம் எடுத்து, ‘இங்க ஐம்பத்திரண்டு காட்டுது, யாரை ஏமாத்துறீங்க’ என்பான். இன்னொருவன், ‘எல்லாம் கட்டுக்கதை, என் சின்ன வயசுல இதைவிட வெயில், செருப்பில்லாம நடந்தோம்’ என்பான். கார் நிறுத்த வீட்டு வாசல் மரத்தை வெட்டிய எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ‘மனிதா, மரங்களைக் காப்பாற்று’ என்று எழுதி மூன்று கண்ணீர்ப் பொம்மைகள் போடுவார். இன்னும் ஏழு வருடத்தில் உலகம் முடிந்துவிடும் என்று ஒருவர் தினமும் எழுதுவார். அவருக்குக் கீழேயே ஒருவர் ஏர்கூலர் விற்பார், ஐந்து வருட உத்தரவாதத்தோடு.

இவர்களில் பெரிய வாய் ‘கொதிக்கும் குடிமகள்’ என்ற பெயரில் எழுதிய ஒருத்தி. ‘தெர்மாமீட்டரை ஏசி ரூமில் உட்கார வைத்து உபசரிக்கிறார்களோ’ என்று அவள் எழுதியதற்குப் பதினோராயிரம் பேர் சிரித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, “இவளைக் கட்டிக்கிட்டவன் பாவம்” என்றார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் நான்தான்.

வேடிக்கைக்காக நான் எழுதவில்லை. என் தம்பி தார் ரோடு போடும் கூட்டத்தில் வேலை செய்கிறான். பெட்டி நாற்பத்தைந்தைத் தொட்டால் வெளிவேலையை உடனே நிறுத்த வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. தொடாவிட்டால் வேலை நடக்கும். போன மாதம் ஒரு தடவை அவன் வாந்தி எடுத்து, கை கால் இழுத்து, இரண்டு நாள் படுத்துக் கிடந்தான். இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டான். அந்த வாரம் முழுக்கப் பெட்டி காட்டியது நாற்பத்து நாலு புள்ளி ஐந்து, ஆறு, ஏழு. புருஷனிடம் கத்தினால் அலுவலக விதி பேசுவார். அதனால் ஊரைக் கூட்டிக் கத்தினேன்.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே காற்று இல்லை. தம்பி போனில், “அக்கா, பூட்ஸோட அடி உருகி ஒட்டுது” என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதியச் சாப்பாட்டைக் கொடுக்கிற சாக்கில் அலுவலகத்துக்குப் போனேன். மணி இரண்டு. இரண்டரைக்குத்தான் இவர் பெட்டியைப் பார்ப்பார். வேலிக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

பெட்டியைத் திறந்தேன். அன்றைய உச்சத்தைக் காட்டும் தெர்மாமீட்டர் படுத்த வாக்கில் இருந்தது. அது ஏறினால் ஏறிய இடத்திலேயே நிற்கும். உதறினால்தான் இறங்கும் என்று இவர் சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம். நாற்பத்து நாலு புள்ளி எட்டு. இன்னும் இரண்டே புள்ளி. அதன் குமிழை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தேன். பாதரசம் அசையவில்லை. வாயைக் குவித்து ஊதினேன். மறுபடி ஊதினேன். தலை சுற்றியதுதான் மிச்சம்.

“எவ்வளவு நேரம் ஊதினாலும் ஏறாது.”

பின்னால் இவர் நின்றிருந்தார். கோபம்கூட இல்லை.

“உன் உடம்பு முப்பத்தேழு. வெளியில காத்து உன்னைவிடச் சூடு. நீ பிடிச்சா அது ஆறத்தான் செய்யும்.”

எனக்கு உடம்பு சில்லிட்டது. அந்த வெயிலில் அது ஒன்றுதான் சில்லென்று இருந்தது. காய்ச்சல்காரியைப் போல இந்த ஊர் என்னைவிடச் சுடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. பயந்துபோனேன். பயந்தால் எனக்கு வாய் நீளும்.

“ரெண்டு புள்ளிதானே? ஏத்திப் போடுங்க. என் தம்பி அங்க வெந்துட்டு இருக்கான்.”

“ஏத்திப் போட்டா, நான் பொய் எழுதுறவன்னு சொல்ற அத்தனை பேரும் சரியாயிடுவாங்க. நாளைக்கு நிஜமாவே நாப்பத்தெட்டு வந்தா எவன் நம்புவான்? உன் கொதிக்கும் குடிமகள் நம்புவாளா?”

“அது நான்தாங்க!”

“தெரியும். எழுதுறதும் பேசுறதும் ஒரே மாதிரி இருந்தா கண்டுபிடிக்க மாட்டேனா?”

இரண்டரை ஆனது. குனிந்து, மூச்சை அடக்கி, 44.8 என்று எழுதினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“புல்லு மேல, நிழல்ல, பெட்டிக்குள்ள அளந்துட்டு பெருசா பேசாதீங்க. அந்த ரோட்டுல போய் நின்னு அளந்து பாருங்க!”

பெண்டாட்டி இப்படிச் சொன்னால் மற்ற புருஷன்கள் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவார்கள். இவர் உள்ளே போய், உபரியாக இருந்த ஒரு தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, உண்மையாகவே ரோட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே நடந்ததைத் தம்பி சொன்னான். பதினான்கு பேர் தார் இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் இவர் போய் நின்று, தெர்மாமீட்டரை நெஞ்சு உயரத்துக்குப் பிடித்திருக்கிறார். தம்பி குடை கொண்டுவந்து பிடித்தானாம். “உங்களுக்குக் குடை இருக்கா? அப்போ எனக்கு எதுக்கு?” என்று மடக்கச் சொன்னாராம். எண் நிலைக்கட்டும், நிலைக்கட்டும் என்று இருபது நிமிடம் நின்றிருக்கிறார். அப்புறம் தெர்மாமீட்டரைத் தம்பி கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு விழுந்திருக்கிறார். தன் இடத்தில் அரசாங்க ஆள் விழுந்துவிட்டாரே என்று மேஸ்திரிக்கு உதறல் எடுத்து, அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டார். உத்தரவு செய்யாததை ஒரு மயக்கம் செய்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குள் படம் இணையத்துக்கு வந்துவிட்டது. பதினான்கு பேர் ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ‘நல்ல நடிப்பு’ என்றான் ஒருவன். ‘இன்னும் புள்ளி ரெண்டு பாக்கி இருக்கே சார், அதுக்குள்ள விழுந்துட்டீங்களே’ என்று இன்னொருவன். அதற்கு எத்தனை ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள் என்று பார்க்கவில்லை. முந்தைய நாள் என்றால் அதை நானே எழுதியிருப்பேன்.

கையில் குத்திய ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, இவர் கண் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தார்.

“எவ்வளவு காட்டுச்சு?”

“அம்பத்தி மூணு, மாமா.”

“எங்கயும் எழுதிடாத. நிழல் இல்லாத இடத்துல அளந்தது கணக்குல செல்லாது.”

தம்பி முகம் முழுக்கத் தார்ப்புகை படிந்திருந்தது. அவன் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“நாங்க நிக்கிற இடமே செல்லாத இடம்தான், மாமா.”

பத்தொன்பது வருடத்தில் இவரிடம் சொல்ல ஒரு விதி இல்லாமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“மணி எத்தனை அப்போ?”

“மூணு அம்பது இருக்கும்.”

என்னிடம் பேனா கேட்டார். மருந்துச் சீட்டைத் திருப்பி, ஊசி இல்லாத கையால், கோணல் மாணலாக எழுதினார். மணி 3.50. வெப்பம் 53. இடம், சாலை. நிழல், இல்லை. ஆட்கள், பதினான்கு.