தர்ஷினி கற்றுக்கொண்ட மூன்று சொற்கள்

இன்று மாலை வளப்பூர் நாடு போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் தர்ஷினி. என் அங்கன்வாடிக் குழந்தை, நாலு வயசு. கூடவே அவள் அம்மா, மடியில் கைக்குழந்தை. ஊசி போட்டுவிட்டு வருகிறார்கள்.

“டீச்சருங்க, நீங்க படப் புத்தகம் சொல்லித் தர்ற மாதிரியே இவளும் ஊட்டுல தங்கச்சிக்குச் சொல்லித் தர்றாளுங்க” என்றார் அம்மா, பெருமையாக. “கண்ணு, டீச்சருக்குச் செஞ்சு காட்டு.”

தர்ஷினி தடுப்பூசி அட்டையைப் புத்தகம் போல விரித்து, தங்கையின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பாரு. சிரி. அசையாத.”

உடனே அட்டையை மூடி அம்மாவின் பைக்குள் வைத்துவிட்டாள்.

அம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். இறங்கும்வரை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தினமும் நான் செய்வது அதுதானே. பீரோவிலிருந்து புத்தகத்தை எடுப்பேன். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு போட்டோ. ‘சூப்பர் மேடம்’ என்று பதில் வரும். கிழிந்துவிடும் என்று உடனே பூட்டிவிடுவேன்.

“இந்த ஆமை எங்க போகுதுங்க டீச்சர்?” என்று போன வாரம் புத்தகத்தின் முதல் படத்தைக் காட்டி இவள்தான் கேட்டாள். “அப்புறம் சொல்றேன் சாமி” என்றேன்.

படப் புத்தகம் காட்டினால் குழந்தைகளின் சொல்வளம் பெருகும் என்று பயிற்சியில் சொன்னார்கள். பெருகியிருக்கிறது, மூன்று சொல்.

ஆமை எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. முதல் பக்கத்தைத் தாண்டி நான் புரட்டியதே இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து கமென்டில் சொல்லிவிடாதீர்கள்; நாளைக்குப் பிள்ளைகளோடு நானே புரட்டிப் பார்த்துக்கொள்கிறேன். நாளைக்குப் போட்டோ வரவில்லையே என்று ஆபீஸில் கேட்டால் என்ன சொல்லலாம், அதை மட்டும் சொல்லுங்கள்.