கண்ணாடி மூடிக்குள் நான்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் பல் செட் செய்வது. பொழுதுபோக்கு, எங்கள் கார் ஷெட்டில் விமானம் செய்வது. பொம்மை விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து நிஜமாகவே பறக்கிற விமானம். கார் பாவம், தெருவில் வெயில் காய்கிறது.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இதில் ஒரே கொண்டாட்டம். என்னைப் பார்த்தாலே, "உன் சக்களத்தி எப்படியிருக்கா?" என்பாள். சிரித்து வைப்பேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும், பொய் சொல்வானேன்? என் பிறந்தநாளை மறக்கிற மனுஷர், விமானத்துக்கு வாங்குகிற ரெசின் பசை டப்பா காலாவதியாகும் தேதியை மட்டும் மறந்ததே இல்லை. எனக்கும் அந்த விமானத்துக்கும் சேர்ந்தாற்போல் ஆபத்து வந்தால் இவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, இருக்கைகளுக்கு மேலே வருகிற கண்ணாடி மூடிக்குக் கடைசி வேலை. கண்ணாடி என்று பேர்தான், பிளாஸ்டிக். அதன் விளிம்பைச் சுற்றி ஃபைபர் துணியை ரெசினில் நனைத்து ஒட்ட வேண்டும். இறுகினால் விமானத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிற ஓரம் ஆகிவிடும். ரெசின் விமானத்தின் உடம்பிலும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, அங்கே முதலில் டேப் ஒட்டிவிட வேண்டும்.

"உள்ள உட்கார்ந்து மூடியோட கொக்கியைக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கோ. சீக்கிரம் இறுகுற ரெசின்தான், இதோ முடிஞ்சிடும்" என்றார்.

"நீங்க இதோன்னு சொன்ன எது முடிஞ்சிருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறினேன்.

ரெசின் இறுகியது. மூடியைத் தூக்கினார். வலது பக்கம் லேசாக அசைந்தது. இடது பக்கம் ம்ஹூம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"டேப் சுருங்கியிருந்துச்சுன்னு இடது பக்கம் உரிச்சேன். புதுசு ஒட்டறதுக்குள்ள நீ டீ குடிக்கக் கூப்பிட்டே..."

"ஓஹோ, பழி என் டீ மேலயா!"

பல் அச்சு ஒட்டாமலிருக்கத் தினமும் மருந்து தடவுகிற மனுஷர் இவர்! எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன். கத்தியதில் ரெசின் நெடி தொண்டைக்குள் போய் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை.

அவ்வளவுதான், சுத்தியலை எடுத்துவிட்டார். கீறல் விழும் என்று என்னைத் துணியால்கூடத் துடைக்க விடாத மூடி அது.

"முகத்தை மூடிக்கோ, உடைக்கிறேன்!"

ஒரு நொடி யோசிக்கவில்லை அவர். கையை ஓங்கியேவிட்டார்.

"அதைத் தொட்டீங்கன்னா பாருங்க!" என்று அலறினேன். இருமல் எங்கே போனதோ தெரியவில்லை. "அந்த ஃபேனை மூடியில இருக்கிற இந்தச் சின்ன ஜன்னல் பக்கம் திருப்புங்க. பிளேடை வெச்சு மெதுவா அறுங்க. நான் எங்கயும் போயிடல."

இடது விளிம்பு நெடுக அறுத்தார். நாலு இழுப்புக்கு ஒரு தடவை, "நல்லாயிருக்கியா?" என்பார். "அறுங்க" என்பேன். நடுவில் ஜன்னல் வழியாக டீ நீட்டினார். ஆறிப்போயிருந்தது. அமிர்தமாக இருந்தது.

ஓரம் நாசம், மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டும். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல வந்தாள். "உன் சக்களத்தி எப்படியிருக்கா?"

"நல்லாயிருக்கா" என்றேன். "நான் பார்த்து உயிர்ப்பிச்சை குடுத்திருக்கேன்."