பலகையில் மட்டும் இருந்த நியூவெண்டோ

பெருங்களத்தூரில் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றை அறையில் ஹிதாயத்துல்லா பாட்டுப் பதிவு ஸ்டூடியோ வைத்திருந்தார். 2005-இல் அவருக்குப் பெரிய ஸ்டூடியோக்காரராகும் கனவு பிடித்துக்கொண்டது. பகற்கனவுதான், அதில் மனிதர் கெட்டிக்காரர்.

அவர் கணினியில் இருந்த பதிவு மென்பொருள் பழைய கூல் எடிட். சந்தையில் எதற்கு மவுசு என்று பார்க்க, குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை ஸ்டூடியோ பலகைகளைப் படித்துக்கொண்டே ஸ்கூட்டரில் போனார். ஒன்றில் சோனார், சிலவற்றில் க்யூபேஸ், மற்றதெல்லாம் நியூவெண்டோ. அந்தப் பெயரை முணுமுணுத்தாலே அறைக்குள் வயலின்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டது போலிருந்தது அவருக்கு. அந்த மயக்கத்தில் மென்பொருளை வாங்கும் முன்பே பலகையை எழுதி மாட்டிவிட்டார். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான்.

வீட்டில் வேறு பேச்சு நடந்தது. மனைவி சித்திகாவின் அண்ணன் ஷார்ஜாவில் அவருக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். சர்ச் பாடகர் குழுத் தலைவர் ஜெபசீலனின் கிறிஸ்துமஸ் பாட்டு வேலை கிடைக்காவிட்டால் ஸ்டூடியோவை மூடிவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

ஜெபசீலன், பாடகி செல்வமேரியோடு வந்தார். வந்ததும் நியூவெண்டோவைக் காட்டச் சொன்னார்.

ஹிதாயத்துல்லாவுக்குப் பொய் வரவில்லை. "இல்ல சார், பலகையில மட்டும்தான் இருக்கு. எல்லாரும் எழுதியிருந்தாங்க, நானும் எழுதிட்டேன்."

"நானும் பலகைய படிச்சிகினுதான் வந்தேன்," என்று ஜெபசீலன் எழுந்தார். வந்தது வந்தோம், ஒரு தடவை பாடிப் பார்க்கலாம் என்றாள் செல்வமேரி.

அந்த ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. ரயில் வந்தால் ஹிதாயத்துல்லா கையைத் தூக்குவார், பாட்டு நிற்கும். அன்றும் தூக்கினார். செல்வமேரி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. மின்சார ரயில் அவள் குரலுக்கு அடியில் தடதடத்து வந்து, தாளம் போட்டு, மெல்லத் தேய்ந்து போனது. பதிவை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது.

திரும்பப் போட்டபோது ஜெபசீலனும் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க சர்ச்சும் தண்டவாளத்துப் பக்கம்தான். ஞாயித்துக்கிழமை பாட்டு இப்படித்தான் கேக்கும்," என்றார். ரயிலை எடுத்துவிடாமல் எல்லாப் பாட்டையும் இங்கேயே பதிய வேண்டும் என்றும் சொன்னார்.

மாலையில் ஹிதாயத்துல்லா கழற்றிய பலகையோடு வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னார். சித்திகா பலகையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன், நீங்க வரலன்னு."