சக்கர நாற்காலியில் என் மகன்

இன்று டயாலிசிஸுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடவில்லை.

"அம்மா, அவசரப்படாதே" என்று சொல்லிக்கொண்டே என் மகன் பின்னால் படியேறினான். மேலே வந்ததும் அங்கிருந்த சக்கர நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

புதிதாக வந்திருக்கும் வார்டுபாய் ஓடி வந்தார். "இன்னா சார், இப்டி மூச்சு வாங்குது? டயாலிசிஸ்தானே?" என்று அவனைத் தள்ளவே ஆரம்பித்துவிட்டார். பதில் சொல்ல அவனுக்கு மூச்சில்லை.

என்னிடம், "நீங்க வெளிய குந்துங்கம்மா, பேஷன்ட்ட நான் பாத்துக்கறேன்" என்றார்.

புடவைத் தலைப்பை விலக்கி ஊசி குத்தும் கையைக் காட்டினேன். "பேஷன்ட் நான்தான்ப்பா. அவனை இறக்கி விடு."

முன்பு டயாலிசிஸில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் முதலில் நடப்பதை நிறுத்தினார். பிறகு அவர் வருவதும் நின்றுபோனது. "கால்ல பலம் இருந்தாத்தாம்மா உடம்பு இதைத் தாங்கும்" என்று டாக்டர் சொன்னதை நான் விடுவதாக இல்லை.

இந்த மின்னஞ்சல் குழுவில், "வயசாச்சு, ரெஸ்ட் எடுங்க மாமி" என்று எழுதும் அன்பர்களே! நாளைக் காலை மயிலாப்பூர் மாட வீதியில் நடக்கப் போகிறேன். மகனும் வருகிறான். சொல்ல வேண்டியதை என்கூட நடந்துகொண்டே சொல்லுங்கள்.

மூச்சு மிச்சமிருந்தால்.