பேஸ் டிரம்முக்கு ஓர் உதை

பட்டறையில் அடுத்தவர் காரின் நெளிவை அடித்து நிமிர்த்துவதும், பட்டறையின் பின்னறையில் டிரம்ஸை அடித்து நெளிப்பதும்தான் டிங்கரின் வாழ்க்கை. சோறு போட்டது முதலாவது; மரியாதை கிடைத்தது இரண்டாவதில். காது கிழியும் வேகத்தில் அடித்துக் கத்தும் த்ராஷ் மெட்டல் இசைக்குழுவுக்கு என்ன மரியாதை என்று கேட்பவர்கள், நெற்றியில் ரத்தம் வழிய நின்று அவரிடம் கைகுலுக்கும் இளவட்டங்களைப் பார்த்ததில்லை.

ஐந்து ஆல்பம் வரை குழு உருப்படியாக இருந்தது. உருப்படி என்றால், நான்கு பேரும் ஓயாமல் அடித்துக்கொண்டார்கள், ஆனால் யாரும் விலகவில்லை. ஆறாவது ஆல்பம் தொடங்கும் வேளையில் பாடகர் கரடி மைக் ஸ்டாண்டைச் சுழற்றியதில் கிட்டார்காரர்கள் இருவரும் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் முழுப் பற்களோடு. டிங்கர் கரடியைத் தெருவரை இழுத்துப் போய்த் தள்ளினார். அதில் இருவருக்கும் மூக்கு உடைந்தது. கரடி கறிக்கடைக்காரர் வேறு. அன்றிலிருந்து கறி வாங்க டிங்கரின் மனைவி நான்கு தெரு தாண்டி நடக்கவேண்டியதாயிற்று. குழு உடைந்ததில் அவளுக்கிருந்த ஒரே வருத்தம் அது.

புதிய ஆட்கள் வந்தார்கள். கிட்டாருக்கும் பதிவுக்கும் மச்சினன். பாட ஒரு நர்ஸ். பகலில் கொஞ்சிக் கொஞ்சி ஊசி போடும் அந்தப் பெண் மைக்கைப் பிடித்தால், எருமையை உயிரோடு உரிப்பது போல ஒரு குரல் வரும்.

எல்லாம் பிரமாதம். டிரம்ஸ் மட்டும் செத்துக் கிடந்தது. டிங்கர் வியர்த்தார், குச்சிகளை முறித்தார். பதிவைப் போட்டுக் கேட்டால், கதவைத் தட்டிவிட்டு ஓரமாக நிற்கும் விருந்தாளி மாதிரி இருந்தது.

மச்சினன் தலையைச் சொறிந்தான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. டிரம்ஸை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டுடலாமா?"

"அப்ப நான்?"

"நீங்க இல்லாமயா? போட்டோவுல நடுவுல நீங்கதான்."

ஒரு குச்சி பறந்துபோய் அவன் காதோரம், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் அடித்திருந்த மெத்தையில் குத்தி நின்றது.

"அக்காகிட்ட சொல்லிடுவேன்!"

"சொல்லு. அடுத்தது குறி தப்பாதுன்னும் சேத்துச் சொல்லு."

வீரமெல்லாம் பேசிவிட்டு, ஞாயிறு வரை அவகாசம் கேட்டதும் டிங்கர்தான். தான் ஆரம்பித்த குழுவின் ஆல்பத்தில் தான் போட்டோவாக மட்டும் இருப்பதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவைப் பெயர்த்துக்கொண்டு கரடி வந்தார். இடுப்பில் கடைத் துணி, கையில் கறி மாட்டும் இரும்புக் கொக்கி.

"என் எடத்துல பாட ஆளு வச்சிட்டியாமே!"

கொக்கி டிரம்ஸின் பித்தளைத் தட்டில் பட்டுத் தெறித்தது. அது கையைவிட்டுப் போனதும் கரடி முஷ்டியால் டிங்கரின் காதில் குத்தினார். டிங்கர் அவர் தாடியைப் பிடித்து முகத்தைக் கதவு நிலையில் மோதினார், கரடியின் உதடு பிளந்தது. கரடியின் முழங்கால் டிங்கரின் வயிற்றில் இறங்கியது. அடுத்த குத்தில் டிங்கரின் புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் ஓடியது. நர்ஸ் நடுவில் புகுந்து இருவரையும் பிரித்து டிங்கரை ஸ்டூலில் தள்ளி உட்காரவைத்தாள்.

"பெரிய புடுங்கி! வாசிடா பாப்போம்!" என்று கரடி, தரையில் நிற்கும் பெரிய பேஸ் டிரம்மை ஓங்கி ஓர் உதை விட்டார்.

டிங்கரின் கைகள் தாமாகக் குச்சிகளை எடுத்து டிரம்ஸில் இறங்கின.

கரடி இருந்தவரை ஒவ்வொரு பாட்டும் அப்படித்தான் தொடங்கியது. அதைத் திமிர் என்றே எல்லோரும் நினைத்தார்கள், உதைத்தவர் உட்பட. ஒவ்வொரு முறையும் டிங்கர் கரடியின் மண்டையைப் பிளக்கும் வெறியோடு டிரம்ஸை அடித்தார். குழுவின் வேகம் என்று ஊர் மெச்சியது அந்த வெறியைத்தான். இப்போது அந்த வெறி திரும்பிவிட்டது. நர்ஸ் மைக்கைப் பாய்ந்து பிடித்தாள். மச்சினன் ஏற்கனவே பதிவைத் தட்டியிருந்தான். டிங்கரின் புருவத்திலிருந்து முன் டிரம்மில் சொட்டிய ரத்தம் ஒவ்வொரு அடிக்கும் தெறித்தது.

பாட்டு முடிந்ததும், கரடியின் உதட்டைத் தைத்தபடியே நர்ஸ் கேட்டாள்: "அண்ணே, மீதிப் பாட்டுக்கும் வந்து உதைப்பீங்களா?"

"இவன் காலா? வேணாம், கம்ப்யூட்டரே போடு!" என்று கத்தினார் டிங்கர். அந்தக் கத்தலே சம்மதம் என்று மச்சினனுக்குப் புரிந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் கரடி கடையைச் சாத்திவிட்டு வருவார். உதைப்பார். பாட்டு முடிந்ததும் இருவரும் கொஞ்ச நேரம் அடித்துக்கொள்வார்கள். போய்விடுவார்.

கடைசிப் பாட்டில்தான் ஆபத்து வந்தது. நர்ஸ் தொண்டையைச் சரிசெய்து கத்திப் பார்த்ததை கரடி கண்மூடிக் கேட்டார். பிறகு டிரம்மை மெதுவாக, ஏறக்குறைய அன்பாக, ஒரு தட்டு தட்டினார். டிங்கரின் கை அசையவில்லை.

"என்னடா இது?"

"பொண்ணு நல்லாப் பாடுதுடா. நீயும்... பரவால்ல."

கரடியின் கண் கலங்கியிருந்தது. இவன் இளகிவிட்டால் உதை போய்விடும் என்று டிங்கருக்கு உறைத்தது. எழுந்து, தையல் போட்ட உதட்டிலேயே ஓங்கி அறைந்தார். "உன் கடைக் கறி நாறுதுன்னு ஊரே சிரிக்குது. எம் பொண்டாட்டி நாலு தெரு தள்ளி நடக்கறது ஏன்னு நெனச்ச?"

அடுத்த உதையில் கரடியின் கால் டிரம் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. கடைசிப் பாட்டு அந்தக் கிழிசல் சத்தத்தோடுதான் ஆரம்பிக்கிறது.

"ஆல்பத்து அட்டையில அவரு பேரையும் போட்டுடலாமா மாமா?" என்று மச்சினன் கேட்டான்.

டிங்கர் புருவத் தையலைத் தடவிக்கொண்டார். "வேணாம். சந்தோஷப்பட்டுத் தொலைவான். அப்புறம் அடுத்த ஆல்பத்துக்கு எவன்டா உதைப்பான்?"