வாசலில் போட்ட கையெழுத்து

1. பேக்கிங் பகுதியிலிருந்து

காலை ஒன்பதரைக்கு, பால் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பேக்கிங்கில் கான்ட்ராக்ட் வேலை செய்யும் கஸ்தூரி வந்து நின்றாள்.

"அக்கா, அந்த லெட்டர்ல என் பேரும் இருக்குதாமே?"

சித்தூர் பக்கத்துப் பால் ஆலை ஒன்றில் நான் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியன். தமிழும் தெலுங்கும் டைப் அடிப்பேன் என்பதால் தொழிற்சங்கத்தில் இணைச் செயலாளர். சட்டசபைத் தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிப்பதென்று முந்தின நாள் கூட்டத்தில் முடிவெடுத்தோம். கான்ட்ராக்ட் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவேன் என்றவர் அவர்.

எங்கள் சங்கத்தில் வழக்கம் இது: உள்ளே வரும் எல்லோரும் வாசலில் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். ஓட்டுக்குக் கை தூக்குவது நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும். கான்ட்ராக்ட் ஆட்கள் ஒன்பது பேரும் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த முறை அவர்களுக்குப் பயமும் உண்டு: அவர்களுடைய கான்ட்ராக்டர் எதிர் வேட்பாளரின் மச்சான். மாதாமாதம் கேட் பாஸ் புதுப்பிப்பவரும் அவரே.

ஆதரவுக் கடிதத்தின் கீழே நான் அடித்தது:

இணைப்பு 1: தீர்மானம்.
இணைப்பு 2: உறுப்பினர் கையெழுத்துகள்.

இரண்டாவதாக வைத்தது வாசல் நோட்டின் ஜெராக்ஸ். இணைப்பு இல்லாத கடிதம் எனக்கு அரைகுறையாகத் தோன்றும். அவ்வளவுதான் யோசித்தேன்.

"நான் கையே தூக்கலியே அக்கா. பாஸு போச்சுன்னா புள்ளங்க ஃபீஸுக்கு நான் எங்க போவேன்?"

2. தலைவருக்குப் போன்

தலைவர் முனிரத்தினம் அண்ணன் பாய்லர் ஆபரேட்டர். கடிதத்தோடு வேட்பாளர் ஆபீசுக்குப் போயிருந்தார். இரண்டாவது இணைப்பைக் கொடுக்க வேண்டாம் என்றேன்.

"கையெழுத்து நெறைய இருந்தா நமக்கு வெயிட்டு தானம்மா?"

"அண்ணா, அதுல கான்ட்ராக்ட் ஆளுங்க ஒம்போது பேரு கீறாங்க."



"குடுத்துட்டனே! பதினோரு மணிக்கு பிரஸ் மீட்டு. பேப்பர்காரங்க வந்துகினு கீறாங்க. நீ ஒடனே வா."

பர்மிஷன் வாங்கி ஸ்கூட்டியில் போனேன். வழியெல்லாம் அந்த ஒன்பது பெயர்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

3. வேட்பாளர் ஆபீஸ்

கடிதங்களை வாங்கி வைப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, குடுத்த காயிதத்தத் திருப்பிக் கேக்கறது பாகுந்தா, நல்லாவா இருக்குது? உங்க யூனியன் கட்சி மாறிடுச்சா?"

"ஆதரவு அப்படியேதான் சார். ரெண்டாவது தாள் மட்டும் வேணும். அது வருகைப் பட்டியல். தப்பா வெச்சிட்டேன்."

முனிரத்தினம் அண்ணன் குறுக்கே வந்தார். "பொண்ணு தப்பில்ல சார். பாக்காம கையெழுத்துப் போட்டவன் நான்."

ஆபீஸ்காரர் பின்னைக் கழற்றித் தாளை நீட்டினார். மடித்துப் பையில் வைத்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"போட்டோ எடுத்தீங்களா சார்?"

"மொதல் பக்கம்தான் எடுத்தோம்... அப்படித்தான் நெனைக்கறேன்."

4. மாதக் கடைசி வரை

பாஸ் புதுப்பிக்க இன்னும் பதினோரு நாள் இருந்தது. தினமும் ஷிஃப்டுக்கு முன் கேட்டருகே நின்று ஒன்பது பேரையும் எண்ணினேன். ஒருநாள் எட்டுதான் வந்தது. ஒருவருக்குக் காய்ச்சல் என்று தெரியும்வரை எந்த ரீடிங்கும் என் கண்ணில் பதியவில்லை.

முதல் தேதி ஒன்பது பேரும் புதுப் பாஸோடு வந்தார்கள். கஸ்தூரி கடைசியாக வந்தாள்.

ஒரு தாளை நீட்டுமுன் கையெழுத்து எதற்கென்று அதன் தலையில் எழுதிவிடுங்கள். நான் கற்றது இவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு வாசல் நோட்டின் தலையில் இரண்டு மொழியிலும் எழுதி வைத்தேன்: 'வருகைக்கு மட்டும். ஆதரவுக்கு அல்ல.'

கூட்டத்தன்று கஸ்தூரி வாசலில் நின்று முழுக்கப் படித்தாள். பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதிக்கீறக்கா. நான் உள்ள போய் உக்காந்துக்கறேன். பேரு மட்டும் வேணாம்."